உட்காரும் நேரம் எவ்வளவு?

கம்பத்திலும் போடியிலும் விடிவதற்குள் ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்டத்துக் கூலிப் பெண்கள் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு தாண்டி இடுக்கிக்குப் போகிறார்கள். நாளெல்லாம் சரிவில் குத்தவைத்துக் காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் ஆய்வாளர், "உடற்பயிற்சி உண்டாக்கா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். "அதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்பார் அவர். படிவத்தில் 'இல்லை' என்று விழுந்துவிடும்.

இந்த அபத்தத்தைத் தவிர்க்கத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் படிவம் வேலை, பயணம், பொழுதுபோக்கு என்று பிரித்துக் கேட்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நீரிழிவு ஆய்விலும் அதே படிவம்தான். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகரில் 14,227 பேரிடம் விசாரித்து 2014-ல் வெளியிட்ட முடிவு: 54.4 சதவிகிதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. கிராமங்களிலேயே பாதிப் பேர்.

ஆனால் படிவம் கேட்பது 'வழக்கமான ஒரு வாரத்தை'. காய் எடுப்புக் கால வாரமா, வேலையில்லாத கோடை வாரமா, எது வழக்கம்? பாலக்காட்டு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நடவுக்கும் களைக்கும் போகிறவருக்கும் இதே குழப்பம்தான். 'தொடர்ந்து 10 நிமிடம்' என்பது இன்னொரு சிக்கல். அடுப்படி, தண்ணீர்க்குடம், ஆடுமாடு என்று துண்டு துண்டாகச் செய்யும் வேலை நழுவிவிடும். உலக சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டுதலில் அந்த வரம்பைக் கைவிட்டது.

கருவி கட்டினால்? பிரிட்டனின் 'பயோபேங்க்' ஆய்வில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் ஏழு நாள் மணிக்கட்டில் அசைவுமானி கட்டிக்கொண்டார்கள். கருவிக்கு மறதி கிடையாது. ஆனால் அது அளப்பது அசைவை, பாரத்தை அல்ல. முதுகில் மூட்டையோடு மேடேறுபவரின் கூடுதல் பாடு அதற்குச் சரியாகப் பிடிபடாது.

இத்துறையின் ஆதி கதையே ஓர் எச்சரிக்கை. உட்கார்ந்தே ஓட்டும் லண்டன் பஸ் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-ல் காட்டினார் ஜெரி மாரிஸ். 1956-ல் அவரது குழுவே சீருடைக் கணக்கைப் புரட்டியபோது, இளவயது டிரைவர்களுக்கே கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது தெரிந்தது. வித்தியாசம் முழுவதையும் வேலையின் கணக்கில் எழுத முடியாது.

விரும்பி நடக்கும் நடை தரும் பலனை கூலிவேலையின் உழைப்பு அப்படியே தருவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. காலை நடை போகிறவரின் நிமிடத்தையும் தோட்டத்துப் பெண்ணின் நிமிடத்தையும் ஒரே தராசில் போட்டால், நகரத்துக்குப் பூங்கா கிடைக்கும். மூட்டுவலிக்காரிக்கு "தினமும் நடங்கம்மா" என்ற அறிவுரைதான் மிஞ்சும்.

உட்காரும் நேரத்தையும் படிவம் கேட்கிறது, அதைக் குறையாகக் குறித்துக்கொள்ள. ஜீப்பில் நசுங்கி வந்த நேரமும் அதில் சேரும். மலை இறங்கி வரும் பெண்ணுக்கோ, கால் நீட்டி உட்காரும் அரை மணி நேரம்தான் மருந்து. அதை அளக்கவும் ஒரு கட்டம் வேண்டும்.