சுருதிப் பெட்டியும் ஒரு துண்டு நூலும்

லோதி ரோடு வீட்டுக்கு அம்மாவோட தம்புரா இன்னும் வந்து சேரல. மகள் பாட கம்ப்யூட்டர்தான் சுருதி போடுது.

கம்பியே இல்லாம நாதம் எப்படி? கார்ப்ளஸும் ஸ்ட்ராங்கும் 1983-ல வெளியிட்ட வழி எளிமையானது. வெறும் இரைச்சலா நூறு எண்கள். நொடிக்கு 44,100 வீதம் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டு, ஒவ்வொரு சுற்றுலயும் பக்கத்து எண்ணோட சராசரி போடணும். இரைச்சல் அடங்கி, மீட்டின கம்பி மாதிரி சுமார் 440 ஹெர்ட்ஸ்ல ஒலிச்சுத் தேயும். எண்களைக் கூட்டினா சுருதி இறங்கும்.

ஆனா அது கிடார் மாதிரிதான் இருக்கும். தம்புராவுல வளைஞ்ச குதிரையும் ஜீவா நூலும் சேர்ந்து மேல்ஸ்வரங்களைக் கிளப்பும், சி.வி.ராமன் 1921-லயே இதை எழுதிட்டார். நல்ல மென்பொருள் அந்த உரசலையும் கணக்குல சேர்த்துக்குது.

அப்போ குறை என்ன? நூலை மயிரிழை நகர்த்தி, "இப்பத்தான் பேசுது"ன்னு கண்டுபிடிக்கிற காது. எங்க வீட்ல அது அம்மாவுக்கு மட்டும்தான் இருக்கு. எனக்குக் கிடையாது.

தினசரி சாதகத்துக்குக் கம்ப்யூட்டர் போதும்ங்க. லீவுக்கு ஊருக்குப் போனா மட்டும், பாட்டி பக்கத்துல உட்கார்ந்து பேத்தியே சுருதி சேர்க்கட்டும். உங்க வீட்ல யாருக்கு அந்த நூல் வைக்கத் தெரியும்?