படகு கற்பிக்கும் பங்கீடு

சிறு பாய்மரப் படகில் கடற்பயணம் செல்வோர் காற்று வாங்கிக்கொண்டும் கதைப் புத்தகம் படித்துக்கொண்டும் பொழுதைக் கழிப்பார்கள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று.

2017 செப்டம்பர் 10 அன்று நம் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள், லெப்டினன்ட் கமாண்டர் வர்த்திகா ஜோஷியின் தலைமையில், ‘தாரிணி’ என்ற 56 அடிப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். உலகைச் சுற்றி 254 நாட்களுக்குப் பின் திரும்பினர். 2024 அக்டோபரில் அதே படகில் இருவர் மட்டுமே சென்று, 2025 மே மாதம் வெற்றியுடன் வந்தனர். ஒருவர் கேரளத்துத் தில்னா, மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா.

இத்தகைய படகில் வேலைக்குக் குறைவில்லை. சுக்கானைக் கவனிக்க வேண்டும்; காற்றுக்கேற்பப் பாயை ஏற்றி இறக்க வேண்டும்; கயிறு தேய்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்; படகு இருக்குமிடத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஆடும் படகில் சமைக்கவும் வேண்டும். எஞ்சிய நேரமே உறக்கத்திற்கும் புத்தகத்திற்கும்.

இந்த வேலைகளைப் பங்கிடக் கப்பலோட்டிகள் பண்டுதொட்டு ஒரு முறை வைத்துள்ளனர். நாளை நான்கு மணி நேரக் காவல்களாகப் பிரித்தால் ஆறு காவல்கள் வரும். இரு குழுக்கள் மாறி மாறி நின்றால், நள்ளிரவுக் காவல் நாள்தோறும் ஒரே குழுவின் தலையில்தான் விழும். எனவே மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை இரண்டாக வெட்டி, ஏழு காவல்கள் ஆக்கினர். இதனால் இன்று விழித்தவர் நாளை உறங்குவார். எவ்வளவு நேர்மையான கணக்கு!

நம் வீடுகளில் இக்கணக்கு உண்டா? அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ்ப் படிக்கிறார்கள். தம்பி மாலை ஆறு மணிக்கே புத்தகத்தைத் திறக்கிறான். அக்காவோ தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பாத்திரம் துலக்கி முடிக்கும்போது மணி ஒன்பது. மதிப்பெண் குறைந்தால், “உனக்குக் கவனம் போதாது” என்ற பேச்சு வேறு! அம்மாவுக்கோ காவல் மாறுவதே இல்லை.

“படகு வேறு, வீடு வேறு” என்பார் சிலர். வீட்டிற்கும் இது பொருந்தும் என்பதற்குத் துறவு மடங்களே சான்று. ஆறாம் நூற்றாண்டிலேயே புனித பெனடிக்ட் தம் மடத்து ஒழுங்கில், துறவியர் வாரமுறைப்படி சமையலறையில் ஒருவருக்கொருவர் பணிசெய்ய வேண்டும் என்று விதித்தார். நோயாளிகளுக்கும் முக்கிய அலுவலில் இருப்போருக்குமே விலக்கு அளித்தார். ஆண்கள் வாழ்ந்த மடத்தில் ஆண்களே சமைத்தனர் அன்றோ?

நாங்கள் வேலைக்கு அஞ்சவில்லை. வேலை செய்வது பெண்ணுக்கு மட்டும் உரிய கடமை என்பதையே மறுக்கிறோம். ஆகவே பெற்றோரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: சமையலறைச் சுவரில் ஒரு முறைப் பட்டியல் ஒட்டுங்கள். அதில் அண்ணன், தம்பி பெயர்களும் இருக்கட்டும். நேரம் இருக்கும்போது அப்பாவின் பெயரும் இருக்கட்டும். தேர்வுக் காலம் நெருங்குகிறது. இந்த வாரமே தொடங்கினால் நலம்.

— பத்தாம் வகுப்பு மாணவி