உடைந்த கைக்கும் கொள்ளை விலையா?

ஷிப்டு முடிந்து தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் ஆலைத் தொழிலாளி லாரி இடித்து விழுகிறார். சோமங்கலம் பக்கத்து வரப்பில் வழுக்கி நடவுக்காரப் பெண் விழுகிறார். இருவருக்கும் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள எலும்பு முறிகிறது. அன்றே கூலி நிற்கிறது. மறுநாள் அடுப்பும் நிற்கிறது.

"பிளேட் வைக்க வேண்டும், பணம் கட்டுங்கள்" என்கிறது தனியார் ஆஸ்பத்திரி. தாலி அடகுக்குப் போகிறது. கந்துவட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான்.

பிளேட் என்ன மாயப் பொருளா? துருப்பிடிக்காத எஃகிலோ டைட்டானியத்திலோ செய்த தகடும் சில திருகுகளும்தான். முறிந்த துண்டுகளை நேராகப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. எலும்பைக் கூட்டுவது நம் உடம்பே. டைட்டானியம் எடுக்கும் இல்மனைட் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கிறது. டைட்டானியக் கலப்பு உலோகத்தை ஹைதராபாத்தில் பொதுத்துறை நிறுவனமான மிதானி செய்கிறது. மணல் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. விலை மட்டும் வியாபாரி வைத்ததா?

விலையைக் கட்டுப்படுத்த முடியாது என்பது பொய். 2017 பிப்ரவரியில் இருதயத்துக்கான மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று மத்திய சர்க்கார் உச்சவரம்பு கட்டியது. ஆகஸ்டில் முழங்கால் செயற்கை மூட்டுக்கும் கட்டியது. கை எலும்புத் தகடு அந்த ஆணைகளில் இல்லை. 2020 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றக் கூடாது என்ற விதி மட்டும் உண்டு. ஏற்கெனவே எட்டாத உயரத்தில் நிற்கும் விலையை இது எப்படி இறக்கும்?

தோழர்களே, இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா முறிவுக்கும் பிளேட் தேவையில்லை. எலும்பின் நடுப்பகுதி முறிவுகள் பல, பட்டைக் கவசம் போட்டாலே சில மாதங்களில் கூடிவிடும். தோளருகே முறிந்த 250 பேரைக் கொண்டு நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 2015இல் வெளியாயிற்று. ஆபரேஷன் செய்தவர்களுக்கும் தூளி கட்டியவர்களுக்கும் 2 ஆண்டுகளில் பெரிய வித்தியாசம் காணவில்லை. ஆனால் எலும்பு தோலைக் கிழித்தாலோ ரத்தக் குழாய் அறுந்தாலோ ஆபரேஷன் அவசியம். மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கினால் நரம்பு அடிபட்டிருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். "பிளேட் இல்லாமல் கூடாதா?" என்று கேட்பது உங்கள் உரிமை. செலவுக்குப் பயந்து இறுக்கிக் கட்டும் நாட்டுக் கட்டுக்கு ஓடாதீர்கள். ரத்த ஓட்டம் நின்றால் கையே போய்விடும்.

இருக்கிற உரிமைகளை விடக் கூடாது. வேலையில் கை முறிந்த ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்க வேண்டும். 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லாத காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. ஏது? வயலில் விழுந்த பெண்ணுக்கு இழந்த கூலியை யார் தருவார்?

ஆகவே கேட்கிறோம்:

எலும்புத் தகட்டுக்கும் திருகுக்கும் விலை உச்சவரம்பு வை!

தென் புறநகர் அரசு ஆஸ்பத்திரிகளில் இரவும் பகலும் எலும்புச் சிகிச்சை நடத்து. தகடுகளைக் கையிருப்பில் வை!

காண்ட்ராக்ட் தொழிலாளர் அனைவரையும் ஈ.எஸ்.ஐ.யில் சேர்!

கை முறிந்த விவசாயத் தொழிலாளிக்குக் கூலி இழப்பீடு கொடு!

உழைப்பவனுக்குக் கைதான் சொத்து. ஆலை வாசலிலும் கிராமக் கூட்டத்திலும் இக்கோரிக்கைகளைப் பேசுங்கள். சங்கத்தின் மூலம் மனுவாக்குங்கள். கேட்காமல் எந்த விலையும் இறங்கியதில்லை.