‘பிறவி வீரர்’ என்னும் பொய்மை

இரத்தோட்டை, உக்குவெல, எல்கடுவ முதலிய பகுதிகளின் தோட்டப்புறப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறும் நாட்களில் மேடையிலே ஒலிக்கும் புகழுரை பெரும்பாலும் ஒரே வகையினது. மலை ஏறி இறங்கிப் பழகிய கால்கள், சுமை சுமந்து உரமேறிய தோள்கள், ஆதலின் இவர்கள் பிறவியிலேயே வீரர்கள் என்பது அப்புகழுரையின் சாரம். வெறுங்காலுடன் நூறு மீற்றர் ஓடி முதலிடம் பெற்ற மாணவன் கரவொலிக்கிடையே கிண்ணத்தைப் பெற்றுக்கொள்கிறான். பிரதம விருந்தினரின் வாகனம் மலைச்சரிவில் இறங்கி மறைகிறது. மறு ஆண்டு அதே மேடையில் அதே புகழுரை வேறொரு மாணவனுக்குச் சூட்டப்படுகிறது. முந்தியவன் என்னவானான் என வினவுவார் எவருமிலர்.

கேட்போர்க்கு இனிக்கும் இப்புகழுரை உண்மையில் ஒரு தட்டிக்கழிப்பேயாகும். வீரம் பிறப்பிலேயே வந்து விடுமாயின் மைதானம் எதற்கு? பயிற்றுநர் எதற்கு? போசாக்கு எதற்கு? திறமையுள்ளவன் எப்படியும் மேலே வருவான், வராதவனிடம் திறமை இல்லை என்ற வசதியான முடிவுக்கு வழிகோலுவது இக்கருத்தே. இது எத்துணைப் பொய்யானது என்பதனை விளையாட்டுலகின் வரலாறே தெளிவுறுத்தும்.

இளைஞரின் உடலை அளந்து எதிர்காலத்தைக் கணிக்கும் முயற்சியை ஏனைய விளையாட்டுக்களைக் காட்டிலும் விரிவாக வளர்த்தெடுத்தது அமெரிக்கப் பேஸ்போல் எனலாம். அங்கே தேர்வாளர்கள் ஊரூராகச் சென்று பள்ளி மாணவரின் ஆட்டத்தைப் பார்வையிடுவர். பந்தைத் தவறாது அடித்தல், வலுவுடன் அடித்தல், ஓடுதல், எறிதல், களத்தடுப்பு என்னும் ஐந்து ஆற்றல்களுக்கும் 20 முதல் 80 வரை புள்ளியிடுவர். இவற்றுள் ஒவ்வோர் ஆற்றலுக்கும் இன்றைய நிலைக்கு ஒரு புள்ளியும், எதிர்காலத்தில் எட்டக்கூடிய நிலைக்கு மற்றொரு புள்ளியும் தனித்தனியே இடுதல் அவர்தம் வழக்கம். இன்று காணப்படுவது வேறு, நாளை உருவாக வேண்டியது வேறு என்பதை அம்முறையே ஒப்புக்கொள்கிறது.

இத்துணை நுணுக்கமான அளவையும் பன்முறை பொய்த்ததுண்டு. 1980ஆம் ஆண்டு பில்லி பீன் என்னும் கலிபோர்னிய இளைஞர் நியூயோர்க் மெட்ஸ் அணியினரால் முதற்சுற்றிலேயே தெரிவு செய்யப்பட்டார். உயரம், வேகம், எறிவலு அனைத்தும் ஒருங்கே அமைந்த அவ்வுடலைக் கண்ட தேர்வாளர்கள் அவர் பெரும் நட்சத்திரமாவார் என உறுதியாக நம்பினர். 1984 முதல் 1989 வரை உயர்மட்டப் போட்டிகளில் 148 ஆட்டங்களில் மட்டுமே அவர் ஆடினார். அவரது அடிப்புச் சராசரி .219 என்ற தாழ்நிலையிலேயே நின்றது. பின்னர் அவரே ஒரு தேர்வாளராகி, ஓக்லண்ட் அணியின் முகாமையாளராக உயர்ந்து, உடற்தோற்றத்தை நம்பித் தெரிவு செய்யும் மரபையே எதிர்த்துப் புகழ்பெற்றமை ஈண்டு நோக்கத்தக்கது. கூடைப்பந்தாட்டத்தில் ஈடிணையற்றவரெனப் போற்றப்பட்ட மைக்கல் ஜோர்டான் 1994இல் பேஸ்போல் ஆட முற்பட்டபோது, உயர்மட்டத்திற்குக் கீழான போட்டிகளிலேயே அவரது சராசரி .202 ஆக இருந்தது. எறியப்பட்ட பந்து அடிப்பவரை அடைய அரை விநாடியிலும் குறைந்த நேரமே செல்கிறது. அந்நேரத்துள் பந்தின் போக்கை உணரும் கண்ணும் கையும் இளமை தொட்டு ஆயிரக்கணக்கான பந்துகளை எதிர்கொண்டே பழகுகின்றன. பழக்கம் தரவேண்டியதைத் தசைவலு தந்துவிடாது.

இந்தியாவில் 2008ஆம் ஆண்டு நிகழ்ந்தது இன்னும் பொருத்தமான சான்று. அமெரிக்க முகவர் ஒருவர் பந்தெறியும் வேகத்தை இயந்திரத்தால் அளந்து பரிசு வழங்கும் போட்டியொன்றை அங்கே நடத்தினார். அதில் தெரிவான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் உத்தரப்பிரதேச இளைஞர் இருவர் அமெரிக்கா சென்று பயிற்சி பெற்று, அவ்வாண்டின் இறுதியில் பிற்ஸ்பேர்க் பைரற்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்தனர். அதற்கு முன்னர் இருவரும் பேஸ்போல் ஆடியறியாதவர்கள். பட்டிக்காட்டு இளைஞர் ஒரே எறியில் உலகை வென்றனர் எனப் பத்திரிகைகள் வியந்தன. 2014இல் திரைப்படமும் வெளிவந்தது. ஆயின் அவ்வியப்பில் மறைக்கப்பட்ட உண்மைகள் இரண்டு. இருவரும் ஏற்கெனவே ஈட்டி எறிதலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் என்பது ஒன்று. அவர்களின் தோள்கள் வறுமையின் கொடையல்ல, பயிற்சியின் விளைச்சல். மற்றையது, அத்தோள்கள் கொண்டும் அவர்கள் உயர்மட்டத்தை எட்டவில்லை என்பது. பட்டேல் 2010இல் விடுவிக்கப்பட்டார். சிங் கீழ்மட்டப் போட்டிகளில் சில பருவங்கள் சிறப்புற எறிந்தபோதிலும் காயங்கள் அவர்தம் பயணத்தைத் தடுத்தன. தம் இருபதாம் வயதை அண்மித்த வேளையிலே அவர்கள் தொடங்கினர். ஏனையோரோ ஐந்தாறு வயதில் தொடங்கியிருந்தனர். அவர்களுக்குக் குறைந்தது ஆற்றலன்று, ஆண்டுகளே.

மலையகத்தில் இவ்வாதத்தை மறுப்போர் முதலிற் சுட்டுவது முத்தையா முரளிதரனையே. தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்திற்கு வந்த ஒருவரின் பேரன் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுக்களை வீழ்த்தி 2010இல் ஓய்வு பெற்றாரெனின் திறமையை எவர் தடுக்க முடியும் என்பது அவர் வினா. முரளிதரனின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கின் அது மறுதலையையே நிறுவுகின்றது. அவர் வளர்ந்தது லயன் அறையில் அன்று. கண்டியில் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்து, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றவர். அங்கே நல்ல மைதானம் இருந்தது, அனுபவம் மிக்க பயிற்றுநர் இருந்தார். மிதவேகப் பந்துவீச்சாளராகத் தொடங்கிய சிறுவனை ஏறத்தாழப் பதினான்காம் வயதில் சுழற்பந்துக்கு மாற்றியது அப்பயிற்றுநரின் அறிவுரை. அவரது பிறவியமைப்பில் எவர் கண்ணுக்கும் முதலிற் புலப்பட்டது முழுதாக நீளாத முழங்கை. அவ்வமைப்பையே குற்றமாகக் கொண்டு 1995இல் மெல்போர்ன் மைதானத்தில் அவரது பந்துவீச்சு முறையற்றதென நடுவர் அறிவித்தார். உடலை மட்டும் பார்த்தவர்க்கு அது குறையாகத் தெரிந்தது. ஆண்டுக்கணக்காக உடனிருந்து பார்த்தவர்க்கோ அதன் ஆற்றல் தெரிந்தது. கண்டியில் ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்பு மாத்தளையின் தோட்டங்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மாத்தளை மண்ணில் உடல் அளக்கப்பட்டமை புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் காடுகளினூடே தம்புள்ளை வழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் போக எஞ்சியோரே தோட்டங்களை அடைந்தனர். 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபெற்ற நடைபவனி அந்நினைவையே போற்றியது. அன்று கங்காணியும் துரையும் பார்த்தது தோளின் வலுவையும் காலின் உறுதியையும் மட்டுமே. அவ்வுடலுக்குள் ஒரு மனிதன் இருந்தான், அவனுக்கும் கல்வியும் ஓய்வும் வேண்டும் என்பது அவர்தம் கணக்கில் இல்லை. ‘பிறவியிலேயே உரமானவர்கள்’ என்ற இன்றைய புகழுரை அக்கணக்கின் வழித்தோன்றலே. வேலைக்கு உகந்த உடல் என்றிருந்தது விளையாட்டுக்கு உகந்த உடல் என்று மாறியுள்ளது. பார்வை மாறவில்லை.

அப்புகழுரை உண்மைக்கும் புறம்பானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 வீதம், தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். மூவருள் ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றியிருக்கும் சமூகத்தைப் பார்த்து இயற்கை உங்களை வலியோராகப் படைத்தது எனல் எள்ளலன்றி வேறென்ன? போசாக்குக் குன்றிய பிள்ளை பருவமடைவதும் பிந்தும். பதினான்கு வயதுப் பிரிவில் ஒருநாள் நடைபெறும் தெரிவுப் போட்டியில் முன்கூட்டியே முதிர்ந்த உடல்களே வெல்கின்றன. பிந்தி வளர்வோர் தம் உண்மையான ஆற்றலைக் காட்டுமுன்னரே கழிக்கப்படுகின்றனர். கோட்ட மட்டத்திலே ஒருமுறை தோற்றவன் மீண்டும் அழைக்கப்படுவதில்லை.

நாடு வறியது, எல்லோருக்கும் வசதி செய்தல் இயலாது, ஆகையால் சிறந்தோரைப் பொறுக்கியெடுத்தலே வழி என வாதிப்போரும் உளர். இவ்வாதத்திற்கு மாத்தளை மாவட்டமே விடை பகர்கிறது. இம்மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளையில் 2000ஆம் ஆண்டில் 167 நாட்களுள் ஒரு சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் எழுப்பப்பட்டது. மனம் வைத்தால் அரை ஆண்டுக்குள் மைதானம் அமைக்கலாம் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அதே மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் நூறு மீற்றர் நீளமான சமதரை கூட இல்லாத பாடசாலைகள் உள. அங்கே வளைந்த பாதையில் ஓடும் மாணவனின் நேரத்தை எடுத்து, நகரத்துப் புற்றரையில் ஓடுபவனின் நேரத்தோடு ஒப்பிடுதல் எவ்வகை நீதி? அளக்கப்படுவது மாணவனா, அவன் நிற்கும் நிலமா?

பேஸ்போல் போன்ற விளையாட்டு மலையகத்துக்கு அந்நியமானது எனச் சிலர் நகைக்கலாம். கிரிக்கெட்டும் ஒருகாலத்தில் அந்நியமானதே. யப்பானிய உதவியுடன் ஹோமாகமவை அடுத்த தியகமவில் பேஸ்போலுக்கென ஒரு மைதானம் அமைந்துள்ளது. இலங்கையில் வேரூன்றி வரும் இத்தகைய விளையாட்டுக்களில் நெடுங்கால மரபுடைய பெரும் கல்லூரிகளின் ஆதிக்கம் கிரிக்கெட்டில் உள்ள அளவுக்கு இறுகிவிடவில்லை. ஆதலின் தோட்டப்புற மாணவர்க்கு வாயில் திறக்கக்கூடிய இடம் அதுவாகவும் இருக்கலாம். ஆயினும் தேர்வாளர் ஒருவர் வேகமானியுடன் ஒருநாள் வந்து ஒரு தோளைப் பொறுக்கிச் செல்வதால் அவ்வாயில் திறவாது. தோற்றவர்க்கு எதையும் விட்டுச்செல்லாத தெரிவு, குலுக்கற்சீட்டுக்கு ஒப்பானது.

திறமையை மதிப்பிடுவோர் முதலில் தம்மையே மதிப்பிட வேண்டும். ஒரு மாணவனின் உயரம், எடை, பிறந்த திகதி, ஓட்டநேரம் ஆகியவற்றைக் குறைந்தது மூன்றாண்டுகள் தொடர்ந்து பதிவு செய்யாத பாடசாலைக்கோ வலயக் கல்வி அலுவலகத்துக்கோ அவனைத் தகுதியற்றவன் எனக் கழிக்கும் உரிமை இல்லை. அவன் மொழியிலே கற்பிக்கும் பயிற்றுநரை நியமியாதவர்க்கு அவன் அறிவுரை கேட்பதில்லை எனக் குறைகூறும் தகுதி இல்லை. பயிற்சி முடிந்த மாலையில் ஒருவேளை உணவு கொடாதவர்க்கு அவன் களைப்பைப் பற்றிப் பேச வாயில்லை. கொடுக்கப்பட்டவை எவை என்ற பட்டியல் நிறைவுற்ற பின்னரே அவனிடம் இருப்பது எது என்ற பட்டியலைத் தொடங்கலாம்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கும் விரிவுரையாளர்க்கும் இதிற் பங்குண்டு. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த ஒவ்வொருவரும், பிறவி மேதை என்ற புகழுரையால் அன்றி, எங்கோ ஓர் ஆசிரியர் ஆண்டுக்கணக்காக உடனிருந்து உழைத்ததனாலேயே அங்கு வந்தனர். கல்வியில் அவ்வுண்மையை அறிந்தோர் விளையாட்டில் அதனை மறத்தல் தகாது. விடுமுறைக் காலங்களில் ஊர் திரும்பும் மாணவர் சிலர் ஒரு நிறுத்தற்கடிகாரமும் பதிவேடும் ஏந்தித் தத்தம் பாடசாலைக்குச் செல்வாராயின், அடுத்த ஆண்டு மேடையிலே புகழப்படும் மாணவனைப் பற்றி மட்டுமன்றி, கடந்த ஆண்டு புகழப்பட்டவன் என்னவானான் என்பது பற்றியும் கணக்குக் கேட்க முடியும். அக்கணக்குக் கேட்கப்படும் நாளிலேயே ‘பிறவி வீரர்’ என்னும் பொய்மை மேடையிறங்கும்.