அம்மைத் தழும்பு எங்கே போயிற்று?

போன மாதம் பேத்தி லீவுக்கு மாமல்லபுரம் வந்திருந்தாள். அர்ச்சுனன் தபசு பார்க்கக் கூட்டிப் போனேன். பாறைக்கு முன்னால் என் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால், யாரோ ஒரு வழவழப்பான கிழவி அதில் சிரிக்கிறாள். என் கன்னத்தில் இத்தனை வருடமாக இருக்கிற அம்மைத் தழும்புகளைக் காணோம்!

"நான் எதுவும் பண்ணலை பாட்டி, போனே தானா பண்ணிடும்" என்றாள்.

பாண்டிச்சேரியில் ஆறு வயதில் எனக்குப் பெரியம்மை போட்டது. பெண் பார்க்க வந்தபோது குழி தெரியாமல் அம்மா பவுடர் அப்பினாள். அப்படியும் இரண்டு இடம் தட்டிப்போயிற்று. மூன்றாவதாக வந்தவர்தான் இவர். 1977-ல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஆபீஸில் பேப்பரில் படித்து மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் நோயை ஒழிப்பது வேறு, பிழைத்து வந்தவளின் முகத்தை ஒழிப்பது வேறு.

அலங்காரத்துக்கு நான் விரோதி இல்லை. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவள். பொதலேர் என்ற பிரெஞ்சுக் கவிஞர் 1863-ல் வெளியான தம் கட்டுரையில் முகப்பூச்சைப் புகழ ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார். ஒப்பனை ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை, தன்னைப் பகிரங்கமாகவே காட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. முதலில் படித்தபோது எனக்கு அது விளங்கவில்லை. புஷ்பமாலாவின் படங்களைப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று.

புஷ்பமாலா பெங்களூருக்காரர், பரோடாவில் சிற்பம் படித்தவர். 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னி என்ற புகைப்படக்காரரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களைப் பற்றி ஒரு படத்தொடர் செய்தார். வேடம் போட்டு நிற்பவர் அவரேதான். ஒரு படத்தில் ரவி வர்மாவின் லட்சுமி, ஒன்றில் வேளாங்கண்ணி மாதா, ஒன்றில் பழைய சினிமா ஸ்டில்லில் சாட்டையோடு நின்ற ஜெயலலிதா. அதே பெண் இன்னொரு படத்தில், வெள்ளைக்காரர்கள் மனிதரை அளக்க வைத்த கட்டம் போட்ட திரைக்கு முன் தோடர் பெண்ணாக நிற்கிறார். வேறொன்றில் போலீஸில் பிடிபட்ட சங்கிலித் திருடி. மினுக்கும் அழுக்கும் ஒரே உடம்பில். வேடம் வேடமென்றே தெரிகிறது, திரை திரையென்றே தெரிகிறது. பார்க்கிறவரை அவர் ஏமாற்றவில்லை.

போன் செய்வது இதற்கு நேர்மாறு. கேட்காமல் திருத்துகிறது, திருத்தியதைச் சொல்வதும் இல்லை.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். "பரு தெரிஞ்சா க்ளாஸ்ல கேலி பண்றாங்க பாட்டி, நான் என்ன பண்றது?" என்றாள். நியாயமான கேள்விதான். நானும் பவுடர் பூசி உட்கார்ந்தவள்தானே. ஆனால் அந்தப் பவுடர் ராத்திரி முகம் கழுவினால் போய்விடும். கண்ணாடியில் நான் இருப்பேன். இவள் பதினாறு வயதில் கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறாள். போனில் இருக்கிறவள்தான் தான் என்று பழகிவிட்டாள். எனக்குப் பயம் அதுதான். என் தழும்பு போனது பெரிய நஷ்டமில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் மறுபடி பாறைக்குப் போனோம். பல்லவர் காலத்துச் சிற்பி ஒரே பாறையில் பறக்கிற கந்தர்வ ஜோடிகளையும் செதுக்கியிருக்கிறான், ஒற்றைக் காலில் நிற்கும் தபசியையும் செதுக்கியிருக்கிறான். தபசிக்கு விலா எலும்பு எண்ணிவிடலாம். எதையும் வழித்து மழுப்பவில்லை. பக்கத்தில் பொய்த் தவம் செய்யும் பூனையைக் காட்டினேன். "இதுதான் உன் போன்" என்றேன். சிரித்துவிட்டாள்.

அந்த வசதியை அணைக்க இடம் தேடியே பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகு ஒரு படம் எடுத்தாள். என் குழிகள், அவள் பருக்கள், வெயிலில் இருவர் வியர்வை, எல்லாம் இருக்கிறது.

அதை அவள் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை.