நூல் மாறினால் கணக்கும் மாற வேண்டும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துப் புழுக்கத்துக்குக் கம்பளி ஆகாது, பருத்திதான் சரி. ஆனால் லேஸ் பின்னல் குறிப்புகள் பலவும் கம்பளிக்கு எழுதப்பட்டவை. நூலை மட்டும் மாற்றிவிட்டுக் குறிப்பை அப்படியே பின்னினால் உழைப்பு முழுக்க வீண். நூலின் தடிமன் மாறினால் கண்ணிக் கணக்கும் மாறும்: மெல்லிய நூலில் 10 செ.மீ.க்கு 28 கண்ணி வந்தால், 90 செ.மீ. மார்புச் சுற்றளவுக்கு 252 கண்ணி. தடித்த நூலில் 20 கண்ணிதான் வரும் என்றால் 180 போதும். அதே 252-ஐப் போட்டால் சட்டை 126 செ.மீ.க்குப் போய்விடும். பூ வேலை 12 கண்ணிக்கு ஒன்று என்றால் மெல்லிய நூலில் 21 பூ, தடித்த நூலில் 15. மிச்சமில்லாமல் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பூ பாதியில் நிற்கும். மற்ற வகை லேஸுக்கும் இதே கதைதான். 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட், அன்று திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்த லேஸ், தலையணையில் ஊசி குத்திப் பின்னுவது. அதிலும் நூல் தடித்தால் ஊசிப் புள்ளிகளைத் தள்ளித்தான் குத்த வேண்டும். பருத்தியில் இன்னொன்று: தன் கனத்திலேயே தொங்கி நீளும். ஆகவே மாதிரித் துண்டு ஒன்று பின்னித் துவைத்து, கொடியில் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் அளந்து பாருங்கள். சட்டைக்குக் கண்ணி போடுவது அதற்கப்புறம்தான்.