அந்த வீடுகள் காலி இல்லை, ஐயா

மதிப்பிற்குரிய மேலதிகாரி அவர்களுக்கு,

பெயரும் பதவியும் இங்கே வேண்டாம். படித்தால் தங்களுக்கே தெரியும். மனு, நினைவூட்டல், நேரில் முறையீடு எல்லாம் ஆயிற்று. "பார்க்கலாம்" என்றீர்கள். அதனால்தான் இப்போது ஊர் பார்க்க எழுதுகிறேன்.

விதிகள் தங்களுக்கு மனப்பாடம். குன்னூருக்கு மேலே ஒரே ஒரு எஸ்டேட்டின் லைன் வீடுகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

நம் மாதிரிக் கணக்கெடுப்பில் விழுந்த வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டு. நாங்கள் போனது முற்பகல், கொழுந்து பறிக்கும் நேரம். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் கொடியில் குழந்தையின் கவுன், ஈரம் சொட்டச் சொட்ட. திண்ணையில் அன்றைக்கு வெட்டிய விறகு. "ஆட்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள், மாலையில் மறுபடி வர வேண்டும்" என்று படிவத்தில் எழுதினேன். ஜீப் இல்லை என்றீர்கள். இருட்டினால் கரடி வரும் என்றீர்கள். (கரடி எங்களுக்குப் பழக்கம், ஐயா, பகலிலேயே வருகிறது.) சரி, அடிக்குறிப்பாவது போடுவோம் என்றேன். அறிக்கை அச்சில் வந்தபோது குறிப்பும் இல்லை, பூட்டும் இல்லை. 'காலி வீடு' என்று இருந்தது. விழுக்காடு மட்டும் இரண்டு தசம இடம் வரை சுத்தம்!

2001-ல் நீலகிரியில் 7,62,141 பேர், 2011-ல் 7,35,394. தமிழகத்திலேயே மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம். அதற்குப் பிறகு தலை எண்ணப்படவே இல்லை. 2021 கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. பழைய சரிவை ஸ்கேல் வைத்து நீட்டினால் மலை காலியாகிக்கொண்டேதான் போகும். உங்கள் அட்டவணையும் அதற்கு ஆமாம் போடுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கியது உண்மை. அவர்கள் விட்ட இடத்துக்கு ஏறி வந்தவர்களை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்? நாளை அங்கே அங்கன்வாடி கேட்டால், "ஆளே இல்லையே" என்று இதே தாளைத்தான் நீட்டுவார்கள்.

ஜூன் 29 புள்ளியியல் நாளில் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் படத்துக்கு மாலை போட்டுப் பேசினீர்கள். நல்ல பேச்சு. வங்காளத்துச் சணல் வயல்களை அளக்க அந்த மனிதர் ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தன் கணக்கின் பிழையை அளந்தார். உங்களால் ஒரே குழுவை இரண்டாம் முறை அனுப்ப முடியவில்லை.

எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம். புள்ளியியலில் முதுகலை முடித்து, தேர்வாணையத் தேர்வெழுதி வந்திருக்கும் பையன்கள் இப்போது, "எவ்வளவு வர வேண்டும், சார்?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். தொழில் கற்றுக்கொடுத்த பெருமை உங்களுடையது.

அந்த அடிக்குறிப்பைத் திரும்பச் சேருங்கள். மனமில்லை என்றால், தயாரித்தவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
களப்பணியாளர் ஒருவர்